பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே: வட சென்னையில் வெளி வகுப்பு தொடங்கப் போகிறவர்களுக்கு

முதல் மாதம் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டாதீர்கள்.

எச்.எம். கூப்பிட்டு, "இந்த வருஷத்திலிருந்து பிள்ளைகளை வெளியே கூட்டிட்டுப் போய்ப் பாடம் நடத்துற பொறுப்பு உங்களுது" என்று சொன்னதும் மனசு நேராக ஏலகிரிக்கும் முதுமலைக்கும்தான் ஓடும். எனக்கும் அப்படித்தான் ஓடியது. பஸ் பிடித்து, பணம் வசூலித்து, ஒரு நாள் முழுக்க அலைந்து திரும்பினோம். மறுநாள் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். பஸ்ஸில் போட்ட பாட்டைத்தான் சொன்னார்கள். அது சுற்றுலா. சுற்றுலா பிள்ளைகளுக்கு வேண்டியதுதான், அதற்கென்று தனியாக ஒரு நாள் இருக்கட்டும். வெளி வகுப்பு என்று நான் சொல்வது வேறு: அதே பிள்ளைகளோடு, அதே இடத்துக்கு, வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போவது. நடந்து போகிற தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

தண்டையார்பேட்டையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு 11 வருஷமாக இதைச் செய்கிறேன். நமக்குக் கிழக்கே கடல், வடக்கே கொசஸ்தலையாற்று முகத்துவாரம், நடுவே பக்கிங்காம் கால்வாய். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நெய்தல் என்பது கடலும் கடல் சார்ந்த இடமும்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். காசிமேட்டில் வலை பின்னுகிறவர் மகன் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு, "மிஸ், நெய்தல் எந்த ஊர்ல இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். அந்தக் கேள்விதான் என்னை வகுப்பறையை விட்டு வெளியே வரவைத்தது.

முதல் மாதம்: மைதானம்

வெளியே உட்காரவும், பார்க்கவும், எழுதவும் பிள்ளைகளுக்குப் பழக்கம் வேண்டும். கேட்டுக்கு வெளியே அவிழ்த்துவிட்டால் ஓடத்தான் தோன்றும், அது அவர்கள் தப்பில்லை. அதனால் வாரம் 2 பீரியட், காலை முதல் பீரியடும் அடுத்ததும் சேர்ந்தாற்போல வாங்கிக்கொள்ளுங்கள். பி.டி. பீரியடைப் பிடுங்காதீர்கள். வட சென்னைப் பிள்ளைகளிடமிருந்து ஃபுட்பாலை எடுத்தால் அப்புறம் நீங்கள் எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

ஒரு மீட்டர் கயிற்றின் இரண்டு முனையையும் முடிந்து, இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுங்கள். மண் தரையில் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து நோட்டில் 5 வரி எழுத வேண்டும். அடுத்த வாரமும் அதே இடம், அதே 5 வரி. மூன்றாவது வாரம், "மிஸ், எறும்பு ரூட்டை மாத்திடுச்சு" என்று யாராவது வருவார்கள். அந்த நாளிலிருந்து வகுப்பு தானாக ஓடும்.

இன்னொன்று நிழல். ஒரு கம்பை நேராக நட்டு, மணிக்கு ஒருமுறை நிழல் நுனியில் கல் வையுங்கள். சென்னையில் வருஷத்துக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட கம்புக்கு நிழலே விழாது. ஏப்ரலில் பரீட்சை இருக்கும், ஆகஸ்ட்தான் நமக்குத் தோது. மதியம் 12 மணிக்கு இல்லை, 12 தாண்டி 10, 15 நிமிஷத்தில் பாருங்கள். ஏன் சரியாக 12-க்கு இல்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் கடிகாரம் ஓடுவது சென்னைக்குக் கிழக்கே இருக்கும் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரப்படி என்று சொன்னால் புவியியல் பாடம் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

எண்ணும் பழக்கத்தையும் இந்த மாதத்திலேயே ஏற்படுத்துங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண், ஒரு ஜோடி. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் என்னிடம் வா, மூன்று என்றால் இருக்கிற இடத்தை விட்டு அசையாதே. "எண்" என்றதும் 1-லிருந்து வரிசையாகக் கத்த வேண்டும். 40 பேர் 30 வினாடியில் முடிக்கிறவரை கேட்டைத் திறக்க வேண்டாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் வருஷம், துறைமுகத்திலிருந்து கிளம்பும்போது தலையை மட்டும் எண்ணினேன். 38 சரியாக வந்தது. பாதி வழியில்தான் தெரிந்தது, தெருப் பையன் ஒருவன் எங்கள் வரிசையில் சேர்ந்து நடந்துகொண்டிருந்தான், எங்கள் பையன் ஒருவன் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அவனுடைய பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சு போட்டுக்கொண்டிருந்தான். 20 நிமிஷம். அந்த 20 நிமிஷத்தை இன்னும் மறக்க முடியவில்லை. தலையை எண்ணாதீர்கள், எண்ணைச் சொல்ல வையுங்கள்.

காகிதங்கள்

இதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை, முன்கூட்டியே செய்ய வேண்டும், அவ்வளவுதான். வருஷத் தொடக்கத்திலேயே எந்த மாதம் எங்கே என்று ஒரு பக்கத்தில் எழுதி எச்.எம். கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் மேல் அலுவலகத்துக்குப் போக வேண்டிய கடிதத்தை அவர் மூலமாகவே அனுப்புங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை எழுந்து நின்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், பாதிப் பெற்றோருடைய பயம் அங்கேயே போய்விடும்.

பெற்றோருக்குத் தரும் அனுமதிக் கடிதம் எளிய தமிழில் இருக்கட்டும். வீசிங், வலிப்பு, ஏதாவது மாத்திரை, அவசரத்துக்கு இரண்டு போன் நம்பர், இவை கட்டாயம். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் அப்பா நம்பர் பகலில் எடுக்காது. அம்மா, ஆயா, பக்கத்து வீடு என்று இரண்டாவது நம்பரைக் கேட்டு வாங்குங்கள். மீன்பிடித் துறைமுகத்துக்குள் கூட்டமாகப் போவதற்கு மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது மரியாதை. துறைமுகம், அனல் மின் நிலையம் பக்கம் யாரும் கேமராவைத் தூக்கக் கூடாது.

யார் கூட வருவார்கள்

10 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. அதில் பெண் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். ஆசிரியர்கள் கிடைக்கவில்லை என்றால் அம்மாக்களைக் கூப்பிடுங்கள், காலை 7 மணிக்குச் சொன்னால் 6:45-க்கே வந்து நிற்பார்கள்.

கழிப்பறையைப் பற்றி யாரும் புதியவர்களிடம் சொல்வதில்லை. போகிற இடத்தில் கழிப்பறை இல்லை என்று தெரிந்தால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். வெயிலில் மயங்கி விழுவது பெரும்பாலும் அவர்கள்தான். காரணத்தை வாய்விட்டுச் சொல்லவும்மாட்டார்கள். அதனால் இடத்தைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பது கழிப்பறையைத்தான். மெட்ரோ ஸ்டேஷன், பக்கத்துப் பள்ளிக்கூடம், தெரிந்தவர் வீடு, எது கிடைக்கிறதோ அதைப் பேசி வைத்துவிட்டு, "நடுவுல இந்த இடத்துல போகலாம்" என்று முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுவேன். பையில் இரண்டு நாப்கின் எப்போதும் இருக்கும்.

இரண்டாவது மாதம்: கடற்கரை

வட சென்னையில் கடற்கரை என்றால் பல இடத்தில் மணல் கிடையாது, கருங்கல் கொட்டிய சுவர்தான். "மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போங்க மிஸ்" என்பார்கள். போக வேண்டாம். அங்கே ஏன் அவ்வளவு மணல், இங்கே ஏன் கல் என்பதுதான் பாடமே.

போவதற்கு முன் மைதானத்தில் ஒரு விளையாட்டு வையுங்கள். 20 பிள்ளைகளைத் தெற்கு வடக்காக வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு டம்ளர் மணல் கொடுங்கள். தெற்கு முனையில் ஒரு பக்கெட் மணல், ஒரு பிள்ளை அதிலிருந்து அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் "அலை!" என்று கத்தும்போதெல்லாம் எல்லோரும் தங்கள் மணலை வடக்கே நிற்பவர் டம்ளரில் கொட்ட வேண்டும். நாலைந்து அலைக்கு எல்லோரிடமும் மணல் இருக்கும், சிரிப்பும் சத்தமுமாக ஓடும். இப்போது 10-ஆம் ஆளைக் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அவன்தான் சென்னைத் துறைமுகம். வாங்கவும்மாட்டான், கொடுக்கவும்மாட்டான். அடுத்த அலையிலிருந்து 9-ஆம் ஆள் டம்ளர் வழிந்து காலடியில் குவியத் தொடங்கும். 11-ஆம் இடத்தில் நின்ற பெண் ஒருமுறை டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, "மிஸ், என்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றாள். "நீதான் ராயபுரம்" என்றேன். வரிசை கப்பென்று அமைதியாகிவிட்டது. அவள் வீடு ராயபுரத்தில்தான்.

அதோடு நிறுத்தாதீர்கள். 11-ஆம் ஆளுக்கு அவள் பங்கு மணலைத் திரும்பக் கொடுத்து, டம்ளர் வாயைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். அதுதான் கல் சுவர். அவளுடைய மணல் இனிப் போகாது. ஆனால் 12, 13, 14 என்று வடக்கே ஒவ்வொருவராகக் காலியாவார்கள். 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கியதிலிருந்து நடந்தது இதுதான். நம் கரையோரமாகக் கடல் வருஷம் முழுக்க மணலை நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே கொஞ்சம் தள்ளும், மற்ற மாதங்களில் வடக்கே அதைவிட அதிகமாகத் தள்ளும், கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் மிச்சம். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்தில் தொடங்கிக் கரை அரித்துக்கொண்டே போனது. ஒரு இடத்தில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது.

அப்புறம் கடலுக்குப் போங்கள். திருவொற்றியூர்ப் பக்கம் தூண்டில் வளைவுகளுக்கு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்களுக்கு, நடுவே சின்னச் சின்ன மணல் திட்டுகள் சேர்ந்திருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் வருஷம் முழுக்க உங்கள் இடம். அசையாத ஒரு அடையாளத்தை, மின்கம்பமோ கோயில் சுவரோ, குறித்துக்கொண்டு அங்கிருந்து மணல் முடியும் இடம்வரை கயிறு பிடித்து அளந்து, தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். கயிற்றின் கடல் பக்கத்து முனையைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை அளந்தால் போதும். ஐப்பசி மழைக்கு முன் இருந்த அளவும் தை மாத அளவும் பிள்ளைகளையே திகைக்க வைக்கும்.

கல்லின் மேல் யாரும் ஏறக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பாசி வழுக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கால் போனால் எடுக்க முடியாது. தண்ணீரில் கணுக்கால்கூட நனையக் கூடாது. "எங்களுக்கு நீச்சல் தெரியும் மிஸ்" என்று கடலோரப் பிள்ளைகள்தான் முதலில் இறங்குவார்கள், அவர்கள் மேல்தான் கண் இருக்க வேண்டும். கடலைவிட எனக்குப் பயம் எண்ணூர் விரைவு சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகள். ரோட்டைக் கடப்பது சிக்னலில் மட்டும். முன்னே ஒரு பெரியவர், பின்னே ஒரு பெரியவர், நடுவில் அறுபடாத வரிசை. பாதிப் பேர் இந்தப் பக்கம் பாதிப் பேர் அந்தப் பக்கம் என்று மட்டும் ஆகிவிடக் கூடாது.

காசிமேடு

மீன்பிடித் துறைமுகத்துக்கு அதிகாலை ஏலத்தின்போது போகாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். ஐஸ் தண்ணீர், மீன் கூடை, தள்ளுவண்டி, அவசரம். அவர்கள் பிழைப்பு நேரத்தில் நாம் குறுக்கே நிற்கக் கூடாது. அதற்கென்று ஒரு நல்ல காலம் இருக்கிறது. வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், வலையைச் சரிபார்ப்பார்கள். பேசவும் நேரம் இருக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் 14-ஆம் தேதிக்குள், இப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கும் பழைய பிள்ளைகளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் போன வருஷம் உங்களிடம் பழகியவர்கள். புது எட்டாம் வகுப்பை அடுத்த ஜூன்வரை காத்திருக்கச் சொல்லலாம்.

அங்கே நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜோடியும் ஒரு பெரியவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்: இந்த வலையில் எந்த மீன் விழும், எது தப்பிக்கும், கண்ணி ஏன் இந்த அளவு? "அண்ணா, ஐயா என்று கூப்பிடு, உட்கார்ந்திருப்பவரிடம் நீயும் உட்கார்ந்து பேசு" என்று முன்பே சொல்லி அனுப்புங்கள்.

பிள்ளைகளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆனது. ஒரு நவம்பர் காலை, கரையில் நின்று அளந்துகொண்டிருந்தோம். கணக்கில் எப்போதும் பின்தங்குகிற பையன் ஒருவன் மூக்கைத் தூக்கி, "மிஸ், காத்து வாடைக்கு மாறிடுச்சு, இன்னைக்கு எங்கப்பா போகமாட்டாரு" என்றான். வாடை, கொண்டல், கச்சான், தென்றல் என்று எந்தக் காற்று எங்கிருந்து வரும், எதில் எந்த மீன் படும் என்று அங்கேயே நின்று சொன்னான். நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அவன் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதுவதை மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் முழுக்கக் காற்றைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவனிடம்தான் போனார்கள்.

எண்ணூர்

ஜனவரி, பிப்ரவரி இதற்குச் சரியான மாதம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி எண்ணூரில் இறங்கிவிடலாம். ரயிலில் ஏறுவது, இறங்குவது இரண்டுக்கும் ஒரு பெட்டிக்கு இரண்டு பெரியவர் வேண்டும்.

முகத்துவாரத்தில் உயிரோடு இருப்பதை முதலில் காட்டுங்கள். கூழைக்கடா, நீர்க்காகம், சேற்றில் அசையாமல் நிற்கும் மடையான். அலையாத்தி மரத்தடியில் ஆயிரக்கணக்கில் குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மேலே வந்து மூச்சு விடுகிறது. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையில் உப்பு பூத்திருப்பதைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். நக்கிப் பார்க்க விடாதீர்கள், அந்தத் தண்ணீர் அப்படி. அதிர்ஷ்டம் இருந்தால் இருளர் மக்கள் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். பிடித்த இறாலைப் போடும் பறி என்ற கூடையைப் பல்லில் கடித்துப் பிடித்திருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

அதற்குப் பிறகு மற்றதைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு கண்ணெதிரே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து இந்தக் கழிமுகத்தில் படிந்தது, படகும் வலையும் கறுத்துப்போய்த் தொழில் நின்றது. நம் வகுப்பில் அந்த வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். "உங்க ஊர் நாசமாப் போச்சு" என்கிற தொனி வந்துவிடக் கூடாது. வந்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த தடவை வராது. முதலில் பறவை, மரம், இறால். பிறகுதான் சாம்பலும் எண்ணெயும்.

மூக்கில் காரமாக ஏதாவது வாசனை அடித்தால், என்னவென்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஈரக் கைக்குட்டையால் மூக்கை மூடச் சொல்லி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து வெளியேறுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை, தெரிந்திருக்க வேண்டியவை

காலை 7 மணிக்குக் கிளம்பினால் 9:30-க்குள் பள்ளிக்குத் திரும்பிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, காலில் செருப்பில்லை, ஷூ. யாருக்காவது தலை சுற்றினால் நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். நினைவாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பேச்சு குளறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாய் கடித்தால், கீறல்தான் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க விடாதீர்கள். கரையில் கிடக்கும் கெளுத்தியைக் கையில் எடுத்து முள் குத்திவிட்டால், தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்தால் வலி இறங்கும். பக்கத்து டீக்கடையில் வெந்நீர் கிடைக்கும். பிறகு டாக்டரிடம் காட்டுங்கள்.

படகில் ஏற்றாதீர்கள். பழவேற்காட்டில் பூநாரை பார்க்கப் போனாலும் கரையிலிருந்தே பாருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். பெற்றோர் எவ்வளவு கேட்டாலும், படகுக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், பதில் ஒன்றுதான்.

நோட்டு

ஒவ்வொரு பிள்ளைக்கும் 40 பக்க நோட்டு ஒன்று போதும். திருத்தாதீர்கள், மார்க் போடாதீர்கள், எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம். தேதி, நேரம், காற்று, வானம், பார்த்தது. சிலர் வரைவார்கள், வரையட்டும்.

வகுப்புக்கென்று பெரிய நோட்டு ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கயிற்று அளவு, மைதானத்துப் பாட்டிலில் பிடித்த மழை அளவு, வெள்ளம் வந்த வருஷம் அவரவர் தெருவில் தண்ணீர் எந்தச் சுவரில் எதுவரை நின்றது என்ற கணக்கு, எல்லாம் அதில் போகட்டும். மழையளவுக்கு நேர்ப்பக்கம் உள்ள பாட்டிலும் ஸ்கேலும் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்று சொல்லி, மைதானத்தின் நீள அகலத்தைக் கொடுத்துவிடுங்கள். மீதிக் கணக்கை அவர்களே போடுவார்கள்.

மார்ச் கடைசியில் அந்தப் பெரிய நோட்டில் அடையாளக் கம்பம் எது, கயிறு எங்கே இருக்கிறது, கழிப்பறைக்கு யாரிடம் பேச வேண்டும், துறைமுகத்தில் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசுகிறவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். உங்களுக்கு மாற்றல் வந்தாலும், ஜூனில் வருகிறவர் அந்த நோட்டைப் பிரித்து, போன மாதம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அதே கம்பத்திலிருந்து அளக்கத் தொடங்கலாம்.